அடிபடாத கார்

பண்டாரவளைக் கடைவீதியில் மாடு வாங்குகிறவனும் சரி, காணி வாங்குகிறவனும் சரி, முதலில் ஸஹாப்தீனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். அவர் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணியும் மண்வெட்டியும் விற்பது அவர் பிழைப்பு. விலை பேசுவது அவர் ஆசை. யார் கூப்பிட்டாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போவார். தரகு என்று ஒரு சதம் வாங்கமாட்டார். விற்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்கிற அந்த ஒரு நேரம் அவருக்குப் போதும். வீட்டுக்கு வந்து மனைவி ஸித்தி ஸுபைதாவிடம் அதை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இன்னொரு தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிடுவார்.

எதிர்ச் சாரியில் இருந்த புடவைக்கடையில் தாஸிம் வேலை செய்தான். ஸஹாப்தீனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், சாது. அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான். தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் முதலாளி அவனைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்புவார். புடவை மூட்டையோடு பஸ் ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விற்று, கடன் சொன்னவர்களிடம் சம்பளத்தன்று போய் வாங்கி வருவான். அப்படி அலைந்ததில்தான் அவனுக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு கார் வேண்டும், பண்டாரவளை ஸ்டாண்டில் போட்டு ஹயர் ஓட வேண்டும், இன்னொருத்தன் கடையில் துணியை விரித்துக் காட்டியது போதும். கலியாணமான வருஷமே லைசன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டான். ஆனால் வெளிநாட்டுக் கார்கள் கப்பலில் வருவது நின்று ஐந்தாறு வருஷமாகியிருந்தது. நாட்டுக்குள் இருக்கிற கார்தான் கார். அதை வைத்திருக்கிறவன் லேசில் விடமாட்டான்.

அறுபத்தேழாம் ஆண்டு பூனாகலையில் பெரிய கங்காணி இராசையா காலமானார். கருமாதிக்கு வேண்டிய சேலை வேட்டிகளைக் கொண்டுபோனவன் தாஸிம்தான். இராசையாவிடம் ஒரு கறுப்பு மொறிஸ் மைனர் இருந்தது. பிள்ளை போல வைத்திருந்தார் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அவருடைய மனைவி அங்கம்மா, கணக்கை முடித்து மூட்டையைக் கட்டிய தாஸிமைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். பதுளையில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகவும், கார் ஓட்ட வீட்டில் ஆளில்லை என்றும், தாஸிமுக்கு வேண்டுமானால் முதலில் அவனுக்குத்தான் என்றும் சொன்னார். விலை ஆறாயிரத்து ஐந்நூறு.

தாஸிமிடம் ஐயாயிரம் இருந்தது. நளீரா, அவன் மனைவி, காப்புகளைக் கழற்றிக் கொடுத்தாள். சீட்டுக் காசு ஒன்று கைக்கு வந்தது. பத்தே நாளில் ஆறாயிரத்து ஐந்நூறும் சேர்ந்துவிட்டது. அப்போதே பஸ் ஏறிப் போயிருந்தால் சாயங்காலம் காரோடு திரும்பியிருப்பான். சந்தோஷம் தாங்காமல் எதிர்க் கடைக்குள் நுழைந்து ஸஹாப்தீனிடம் சொன்னான்.

"கேட்டதை அப்படியே குடுக்கப் போறியா?" என்றார் அவர்.

அந்த அம்மா சரியான விலைதான் சொல்லியிருப்பதாகத் தோன்றுகிறது என்று தாஸிம் இழுத்தான்.

"சரியான விலையெண்டு ஒண்டு எங்க இருக்கு? பேசிப் பாக்காம எப்படித் தெரியும்? ஞாயித்துக்கிழம நான் வாறேன். நீ வாயத் தொறக்காம இரு, போதும்."

தாஸிமுக்கு ஆயிரம் ரூபாயாவது மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் நளீராவின் காப்பு திரும்பி வந்துவிடும் என்று ஸஹாப்தீன் மனதாரத்தான் நினைத்தார். அவன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். பஸ்ஸில் போகும்போது அவனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே போனார். காரைப் பார்த்து முகம் மலரக்கூடாது, ஒரு தரத்துக்கு மேல் தொடக்கூடாது, இடுப்பில் காசு இருப்பது நடையில் தெரியக்கூடாது. தாஸிம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கங்காணி வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கார் நின்றது. அங்கம்மா பால் தேத்தண்ணி கொடுத்து உபசரித்துவிட்டு, கார்க் கதவுகளைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். ஸஹாப்தீன் வேலையைத் தொடங்கினார். டயரை உதைத்துப் பார்த்தார். பானட்டைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார். குனிந்து அடியில் பார்த்து, துரு என்றார். சீட்டில் உட்கார்ந்து, ஸ்பிரிங் போய்விட்டது என்றார். நாலாயிரத்து ஐந்நூறு என்றார். ஐயாயிரம் என்றார். இரண்டுக்கும் அங்கம்மா தலையசைத்து மறுத்தார்.

உண்மையில் அந்தக் கார் அருமையான கார். முதல் பார்வையிலேயே ஸஹாப்தீனுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான எஞ்சினை அவர் டாக்டர்மார் காரில்கூடப் பார்த்ததில்லை. இடது பக்கக் கதவில் மட்டும் கறுப்பு கொஞ்சம் புதிதாக இருந்தது. கொட்டகைக்கு அந்தப் பக்கம் மறைப்பில்லை. மழைச்சாரல் அடித்துப் பழைய பெயின்ட் உரிந்திருக்கும், திரும்ப அடித்திருக்கிறார்கள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி பொருந்தியது. உள்பக்கத் தகரத்தில் ஒரு நெளிவு இல்லை. அப்படியும் அவர் கதவை விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, தலையை ஆட்டினார்.

"இது அடிபட்ட கார்ம்மா. கதவ நிமித்திப் பெயின்ட் அடிச்சிருக்கு. உங்களுக்குச் சொல்லாம செஞ்சிருப்பார் போல."

அங்கம்மா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அதன் பிறகு தாஸிமைப் பார்த்தார். தாஸிம் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் ஆறாயிரத்து ஐந்நூறும் இருந்தது.

ஸஹாப்தீன் ஐயாயிரத்து ஐந்நூறுக்கு வந்து, அதுதான் கடைசி என்றார். நான் சொன்ன விலை சொன்னதுதான் என்றார் அங்கம்மா, குரலை உயர்த்தாமல். அதற்கு மேல் செய்ய வேண்டியது என்னவென்று ஸஹாப்தீனுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ இடத்தில் செய்திருக்கிறார். எழும்பு தாஸிம், போவோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். முதல் வளைவுக்குப் போவதற்குள் கூப்பிடுவார்கள். வளைவு வந்தது. கூப்பிடவில்லை. பஸ் நிற்கிற இடம் வந்தது. அப்போதும் யாரும் வரவில்லை.

"நானா, நான் ஓடிப் போய்க் குடுத்திட்டு வாறேனே," என்றான் தாஸிம்.

இப்போது திரும்பிப் போனால் ஏழாயிரம் கேட்பார்கள், இந்தக் கிழமைக்குள் ஆள் அனுப்பாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று ஸஹாப்தீன் அவன் தோளைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்.

ஆள் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் தாஸிம் துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்ப்பதை எதிர்க் கடையிலிருந்து ஸஹாப்தீன் பார்த்தார். நானே போகிறேன் என்று இரண்டு தரம் அவன் வந்து கேட்டான். இன்னும் இரண்டு நாள் பொறு என்று இரண்டு தரமும் தடுத்தது அவர்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது. அதற்கடுத்ததில் அவருக்கே பொறுக்கவில்லை. கேட்ட காசையே கொடுத்துவிடலாம் என்று இருவரும் போனார்கள்.

கொட்டகை காலியாக இருந்தது. வீட்டிலும் பாதிச் சாமானைக் கட்டி வைத்திருந்தார்கள். அங்கம்மா இந்தத் தடவையும் தேத்தண்ணி கொடுத்தார். ஹல்தும்முல்லைப் பக்கத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். எவ்வளவுக்கு என்று கேட்காமல் இருக்க ஸஹாப்தீனால் முடியவில்லை.

"ஆறாயிரம்," என்றார் அங்கம்மா. "பதுளையில ஏழரைக்குக் கேட்டாங்க. அந்த மாஸ்டர் வந்து பாத்துட்டு, ரொம்ப நல்லா வச்சிருந்திருக்காங்க, ஆனா எங்கிட்ட ஆறுதான் இருக்குன்னாரு. இருக்கிறத இருக்குன்னு சொன்னாரு. குடுத்துட்டேன்."

பிறகு தாஸிமின் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் எதுவும் இல்லை. "ஒங்களுக்குன்னுதான தம்பி ஆறரைக்குச் சொன்னேன். வருசக்கணக்கா நம்ம வீட்டுக்கு வந்து போற புள்ள. நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நானும் நின்னுகிட்டுதான் இருந்தேன்."

தாஸிம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். ஆமாங்கம்மா என்றான்.

அவர்கள் புறப்பட எழுந்தபோது அங்கம்மா, மொதலாளி, ஒரு விசயம் கேக்கணும் என்றார். அன்றைக்குக் கதவு அடிபட்டது என்றீர்களே, எப்படி அடிபட்டிருக்கும், ஆள் மேல் மோதினாலும் அப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். இராசையா ஒரு தடவை வெளிமடைப் பக்கம் போய் இரண்டு நாள் கழித்து வந்தாராம். கார் பழுதாகிவிட்டது என்றாராம். அதன் பிறகு கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது படுத்தால் அதுதான் ஞாபகம் வருகிறது, முப்பத்தைந்து வருஷம் எதையும் மறைக்காத மனுஷன் இதை மட்டும் ஏன் மறைத்தார் என்று தெரியவில்லை என்றார்.

ஸஹாப்தீன் இத்தனை வருஷத்தில் எத்தனையோ மாட்டைக் கிழடு என்றும், எத்தனையோ காணியைக் கல்லுப் பூமி என்றும் சொல்லியிருக்கிறார். சொன்னது அந்த இடத்திலேயே முடிந்துவிடும், வியாபாரம் ஆனதும் இரண்டு பக்கமும் மறந்துவிடும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

"அப்படியொண்டும் இல்லம்மா," என்றார். "அது அடிபடாத கார். சாரல்ல பெயின்ட் உரிஞ்சு, திரும்ப அடிச்சது. வில கொறைக்கிறதுக்காக நான் சும்மா சொன்னது. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அவர்ல ஒரு குத்தமும் இல்ல."

"நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க," என்றார் அங்கம்மா. "ஆனா அன்னைக்கும் இதே மாதிரிதான மொதலாளி சொன்னீங்க. இப்ப எனக்கு எத நம்புறதுன்னு தெரியல."

ஸஹாப்தீன் இன்னும் என்னென்னவோ சொன்னார். கதவு எப்படிப் பொருந்தியது, தகரம் எப்படி இருந்தது என்று விவரமாக எடுத்துச் சொன்னார். ஊரில் யாரையும் மடக்குகிற அவருடைய பேச்சு அந்த வீட்டில் எடுபடவில்லை. அங்கம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கார் கையில் இருந்திருந்தால் கதவைத் திறந்து காட்டியிருக்கலாம். அதுதான் போய்விட்டதே. மாஸ்டரைத் தேடிப் போய்க் காரைக் கொண்டுவந்து காட்டலாமா என்றுகூட பஸ்ஸில் வரும்போது யோசித்தார். ஆனால் கிழமை திரும்புவதற்குள் அங்கம்மா பூனாகலையை விட்டுப் போய்விட்டார். பதுளையில் மகள் வீடு எந்தத் தெருவில் என்று விசாரித்தால் தெரிந்திருக்கும். ஸஹாப்தீன் விசாரிக்கவில்லை. போய் நின்றால் திரும்பவும் அதையேதான் சொல்ல வேண்டும், அதையேதான் கேட்க வேண்டும் என்று பயந்தார். வருஷங்கள் போன பிறகு, போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷக் கடைசியில் இலங்கை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஆறாயிரத்துக்கு விற்ற கார்களுக்கு எட்டாயிரம் கேட்டார்கள். பிறகு பத்தும் பன்னிரண்டும் ஆயின. தாஸிம் துரத்தத் துரத்த விலை அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. குறைகிற காசை நான் போடுகிறேன், பங்காக வாங்குவோம் என்று ஸஹாப்தீன் அவனிடம் போய்க் கேட்டார். "வேணாம் நானா. அது எனக்கு எழுதல," என்றான். சேர்த்த காசில் நளீராவுக்குக் காப்பு எடுத்துக் கொடுத்தான். மிச்சம் பிள்ளைகளின் படிப்பிலும் நோய் வருத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

ஸஹாப்தீன் விலை பேசப் போவதை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. கூப்பிட்டவர்களுக்காகப் போனார். ஆனால் அடுத்தவன் பொருளைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்குக் கை ராசி போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சொல்லவும் கதை இல்லை. ஸித்தி ஸுபைதா சோற்றை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

தாஸிம் அவரோடு முகம் கோணிப் பேசியதே இல்லை. பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு வருவான். கடை அடைத்த பின் இருவரும் சேர்ந்தே நடந்து போவார்கள். மழை, மரக்கறி விலை, பள்ளிவாசல் விஷயம் என்று எல்லாம் பேசுவான். தனக்கு இன்னது வேண்டும், இன்னது செய்யப்போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்வதை விட்டுவிட்டான். அவன் மகனை சவூதிக்கு அனுப்பியதை, மகன் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸஹாப்தீன் கேள்விப்பட்டார். எண்பத்தோராம் ஆண்டு எல்ல ரோட்டில் தாஸிம் ஒரு துண்டுக் காணி வாங்கினான். உறுதிப் பத்திரம் எழுதி முடிந்து ஒரு மாதம் கழித்து, ஜும்ஆத் தொழுகை விட்டு வெளியே வருகையில் வேறு யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. கேட்ட விலையைக் கொடுத்தே வாங்கினானாம்.

நல்ல இடம், தண்ணீர் வசதி உண்டு என்றார் ஸஹாப்தீன். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.