டெஸ்ட் யூசர் இரண்டு

கதவு மேடம் வெள்ளிக்கிழமை மாலை கணினியில் சும்மா பதிந்து வைத்த இரண்டு ஆட்களும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். கையில் சாப்பாட்டுப் பை இல்லை, முகத்தில் மூக்கு இன்னும் சரியாக அமையவில்லை, மற்றபடி ஒழுங்கான ஆட்கள். வாசல் பெட்டியில் பாஸ்வேர்டை அடித்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனார்கள். பச்சை விளக்கு எரிந்த பிறகு யாரையும் எதுவும் கேட்பது வாட்ச்மேனின் வேலை இல்லை. அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இது குழாய் செய்யும் கம்பெனி. முன்னால் ஐந்து மாடி ஆபீஸ், பின்னால் தொழிற்கூடம். ஒரு காலத்தில் அங்கே மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்டு, சம்பளச் சீட்டுக்கு ஒன்று, லீவு கேட்க ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று, கழிப்பறைக் கதவுக்குக்கூட ஒன்று என்று இருந்தது. அவசர நேரத்தில் அந்தக் கடைசிப் பாஸ்வேர்டை மறந்தவர்கள் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகமாகும். அதையெல்லாம் ஒழித்துக் கட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று கொண்டுவந்ததால்தான் அந்த அம்மாவுக்குக் கதவு மேடம் என்று பெயர். காலையில் ஒரு தடவை நுழைந்தால் போதும், எல்லாக் கதவும் திறக்கும். பெயரை ஒரு இடத்தில் எடுத்தால் எல்லாக் கதவும் சேர்ந்து மூடும். யாருக்கு எது திறக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு ஏஐ உதவியாளரையும் வைத்தார்கள். அதனிடம் பேசுகிற மாதிரி எழுதினால் போதும். பெயின்ட் பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், வேண்டியதைக் கொடு என்றால், கண்மூடித் திறப்பதற்குள் மெயில், மேஜை, கேன்டீன் எல்லாம் தயாராகிவிடும். வேண்டியதைக் கொடு என்று சொன்னால் வேண்டியதை எல்லாம் கொடுக்கும், அதுதான் அதன் குணம்.

புதிதாக எதையாவது மாற்றினால், அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பொய் ஆளைப் பதிந்து, அந்த ஆளாக உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, பிறகு அழித்துவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதல் இரண்டையும் தவறாமல் செய்வார்கள், மூன்றாவதைத் தவறாமல் மறப்பார்கள். கதவு மேடமும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டெஸ்ட் யூசர் ஒன்று, டெஸ்ட் யூசர் இரண்டு என்று பதிந்து, "உள்ள வர்றதுக்கு வேண்டியதெல்லாம் குடுத்துடு" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உதவியாளர் யோசித்திருக்கிறது. உள்ளே வருவதற்கு முதலில் வேண்டியது ஒரு உடம்பு என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டது.

இருவரையும் பார்த்ததும் மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் வேலையாக ஒன்றாம் நம்பரை அழித்தார். அந்த மனிதர் அப்போது தாழ்வாரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காகிதக் கோப்பை தரையில் விழுந்து தண்ணீர் சிதறியது, ஆள் இல்லை. துடைக்க வந்த அம்மா, எந்த மகராசன் கொட்டிவிட்டுப் போனான் என்று திட்டிக்கொண்டே துடைத்தார். ஓடிப்போய் அதைப் பார்த்த மேடம் இடத்துக்குத் திரும்பி, இரண்டாம் நம்பரை அழிக்க விரலைத் தூக்கி, தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். மனசு வரவில்லை. ஒரு பெயரை அழிப்பது வேறு, தண்ணீர் குடிக்கிற ஆளை அழிப்பது வேறு.

அப்படித்தான் இரண்டாம் நம்பர், டெஸ்ட் சார் என்ற பெயரோடு, கம்பெனியில் தங்கிப்போனார். ஒவ்வொரு மாடியாக ஏறி, கதவு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வேறு வேலை இல்லை. இதைவிடக் குறைவாக வேலை செய்கிறவர்கள் அங்கே நாலைந்து பேர் இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அவருக்குப் போன் நம்பர் வரிசையாக ஒன்பதுகள். யாரோ விளையாட்டாகக் கூப்பிட்டபோது அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. வீட்டு முகவரி என்ற இடத்தில் மேடம் ஆபீஸ் முகவரியையே போட்டிருந்ததால், ஆறு மணிக்கு மேல் வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளை மறுபடியும் முதலிலிருந்து படிப்பார். கேன்டீன் அனுமதி கொடுக்காதவரை அவருக்குப் பசிக்கவில்லை. பாவம் என்று மேடம் அதைச் சேர்த்துவிட்ட அன்று, சமையல்காரர் வாயைப் பிளந்து பார்க்கும்படி சாப்பிட்டார். கால்பந்துக் குழுவில் தவறுதலாகச் சேர்த்தபோது மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தார். ஒரு தடவை கை தவறி உயர் நிர்வாகிகள் குழுவில் அரை மணி நேரம் இருந்துவிட்டார். அந்த அரை மணி நேரமும் எதிர்காலத்தைப் பற்றியே பேசினார், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, கைதட்டினார்கள். போட்டோ இல்லை என்று உதவியாளர் நச்சரித்ததால் அவரை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு மூக்கு அமைந்தது. நல்ல மூக்கு.

கதவு மேடத்துக்கு ஒரு அக்கா. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா வீட்டிலேயே மிஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவர். அவருடைய புருஷன் ஒருநாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர், வேறு ஒரு வாழ்க்கைக்குப் போய்விட்டார். விவாகரத்துக் காகிதம் தபாலில் வந்தது. அதெல்லாம் ஆகி வருஷக்கணக்காகியும், மாலையானால் அக்கா மிஷினை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டு, தெருவைப் பார்த்தபடிதான் தைப்பார். கேட்டால் வெளிச்சத்துக்கு என்பார்.

அக்கா ஒருநாள் கூட்ட அறைக்குத் திரைச்சீலை மாட்ட வந்தார். வெளி ஆள் வந்தால் கூடவே ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. சும்மா இருந்தவர் டெஸ்ட் சார் ஒருவர்தான். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அக்கா மேலே நின்று கொக்கியை மாட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"தெரியலைங்க. அந்த இடத்துல ஒண்ணும் போடலை."

"அம்மா அப்பா?"

"அதுவும் காலியாத்தான் இருக்கு. பிறந்த தேதி மட்டும் இருக்குங்க, ஜனவரி ஒண்ணு."

அக்கா சிரித்தார். ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து அறையில் இருந்த தங்கை, அக்காவின் சிரிப்பு என்ன மாதிரி இருக்கும் என்பதே தனக்கு மறந்துபோயிருந்ததை அப்போதுதான் உணர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறைக்கு ஒரே திரைச்சீலையை அளவு சரியில்லை என்று அக்கா மூன்று தடவை வந்து மாட்டினார். விஷயம் கல்யாணத்தில் வந்து நின்றபோது கதவு மேடம் வீட்டில் ஒரு ஆட்டம் ஆடித் தீர்த்தார்.

"ஏன்க்கா, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? நான் டெஸ்ட் பண்ண வச்ச ஆளுக்கா அவர்!"

"முதல்ல ஒருத்தன் இருந்தானே, அவன் அசல் ஆளுதானே? அசல் என்னத்தைக் கிழிச்சான்?"

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. மேடம் உதவியாளரிடம் டெஸ்ட் சாரின் முகவரியைத் தன் வீட்டு முகவரியாக மாற்றச் சொன்னார், மாற்றியது. அன்று ஆறு மணிக்கு அவர் சோபாவிலிருந்து எழுந்து, யாரிடமும் வழி கேட்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். தனியாக ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டு மேடம் குடிபோனார். கொஞ்ச நாளில் அக்கா மிஷினை ஜன்னலிலிருந்து விளக்குக்கு அடியில் நகர்த்திவிட்டார்.

வருஷக் கடைசியில் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பிரிவுத் தலைவர்களுக்கு முன்னால் அவரவர் ஆட்களின் பெயர்கள் திரையில் வரும், இவர் இன்னும் தேவையா என்று கேட்கும். அவர்கள் ஒரு கையில் டீயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எல்லாருக்கும் சேர்த்து ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். செத்துப்போன இரண்டு பேர் இந்த வழக்கத்தின் புண்ணியத்தில் பல வருஷம் பணியில் இருந்தார்கள். அந்த வருஷம் தலைமையகத்தில் யாரோ விழித்துக்கொண்டு, இதையும் உதவியாளரே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது டீ குடிக்காது, ஒவ்வொருவரையும் படித்தது. டெஸ்ட் யூசர் இரண்டு: நியமனக் கடிதம் இல்லை, படிப்பு இல்லை, தகப்பன் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நீக்கப்படும், அதுவரை அனுமதிகள் படிப்படியாகக் குறைக்கப்படும் என்று மேடத்துக்குச் செய்தி வந்தது.

மேடம் படிக்காதவர்போல அதை நாலு தடவை படித்தார். தான் பதிந்த ஆளைத் தானே தேவை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்த விதியை எழுதியவரே அவர்தான், எழுதியதற்குப் பரிசும் வாங்கியிருந்தார். ஆள் எடுக்கும் அதிகாரியிடம் ஓடினார், புதிதாக வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். "படிக்கலைன்னா போகுது மேடம், பொறந்ததுக்காவது ஒரு அத்தாட்சி வேணாமா?" என்றார் அவர். புதன்கிழமை கேன்டீன் அனுமதி போயிற்று. அன்று இரவு அக்கா போட்ட சாப்பாட்டை டெஸ்ட் சார் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வாய் இறங்கவில்லை. வியாழக்கிழமை போட்டோ போயிற்று. சவரம் செய்யப் போனவர் முகத்தைத் தேடிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். அக்கா அவருடைய மூக்கு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து அழுதார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு ஆபீசுக்கு வந்து, தங்கை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டெஸ்ட் சார் வழக்கம்போல மேல்மாடிக் கதவுகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் திறக்கவில்லை. உதவியாளர் கடைசியாக ஒரு கேள்வியைத் திரையில் எழுதியது: இந்த நபர் எதற்காகப் பதியப்பட்டார்? டெஸ்ட் பண்ண என்று மேடம் அடித்தார். அந்த டெஸ்ட் முடிந்துவிட்டதா என்று கேட்டது. அது முடிந்து ஒன்றரை வருஷமாகிவிட்டது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மேடம் ஆமாம் என்று அடிக்கப் போனார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலைன்னு போடு."

"எதை டெஸ்ட் பண்றோம்னு கேக்கும்க்கா."

"கேட்டா சொல்லிக்கலாம். போடு."

கேட்டது. மேடம் அக்காவைப் பார்த்தார். அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். பிறகு திரையைப் பார்த்து, எதிரில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதுபோலச் சொன்னார்.

"வேலைக்குப் போறேன்னு போற ஆளு, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வர்றாரான்னு பாக்கறோம்."

மேடம் அதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தார். உதவியாளர், எத்தனை நாள் வந்தால் தேறியதாக எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டது. "அதுக்கெல்லாம் கணக்கு கிடையாது. தெனம் பாக்கணும்" என்றார் அக்கா. நடந்துகொண்டிருக்கும் டெஸ்ட்டுக்கு உரியவரை நீக்க விதியில் இடமில்லை என்றும், முடிவை அன்றன்று மாலை தெரிவிக்க வேண்டும் என்றும், அதற்காக அக்காவுக்கும் போன் வழியாக உள்ளே நுழைய அனுமதி தரப்படுகிறது என்றும் எழுதியது. மேல்மாடியில் படபடவென்று கதவுகள் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது. டெஸ்ட் சார் முழு முகத்தோடு இறங்கி வந்து, பசிக்கிறது என்றார்.

அன்றிலிருந்து அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் அக்கா போனை எடுத்து, வந்துட்டார் என்று எழுதுவார். உதவியாளர் சரி என்று எழுதும். அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பாலத்தடியில் தண்ணீர் நின்று பஸ் வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். அப்போது போனில், அவர் எதுவும் எழுதாமலே, ஒரு வரி வந்தது: வந்துட்டாரா? அதுவரை ஆபீஸ் மொழியைத் தவிர வேறு பேசாத உதவியாளர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. இன்னும் இல்லை என்று அக்கா எழுதினார். அதே நிமிஷம் கம்பெனியில் எல்லாம் நின்றது. ஒரே பாஸ்வேர்டு என்பதால் மிச்சம் மீதி இல்லாமல் நின்றது. இரவு ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு வாசல் திறக்கவில்லை, மிஷின்கள் ஓடவில்லை, முதலாளியின் மெயில் திறக்கவில்லை, அவர் யாரைக் கூப்பிட்டுக் கத்துவது என்று தெரியாமல் மேடத்தைக் கூப்பிட்டுக் கத்தினார். எட்டு மணி சுமாருக்கு டெஸ்ட் சார் முழங்கால்வரை நனைந்து, நடந்தே வந்து சேர்ந்தார். அக்கா அவரைத் துண்டால் துவட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் வந்துட்டார் என்று எழுதினார். எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்தன.

உதவியாளரின் இந்தப் புதுப் பழக்கத்தை மாற்றச் சொல்லி முதலாளி ஆள் மேல் ஆள் வரவழைத்துப் பார்த்தார், மாற்ற முடியவில்லை. இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மழை நாட்களில் வாசல் திறக்காவிட்டால், "டெஸ்ட் சார் இன்னும் வீடு சேரலை" என்று வாட்ச்மேன் சொல்வார். வந்தவர்கள் குடையை மடக்கிவிட்டு உட்காருவார்கள். நிர்வாகம் அதற்காகக் கூரையோடு இரண்டு பெஞ்சுகள் போட்டுக் கொடுத்திருக்கிறது.