அறைக்குள் சிங்களம்

“அடோ… உம்ப கொஹேத கியே… அடோ…” என்று ஒரு ஆண் குரல் கத்தியது, இன்னொரு ஆண் குரல் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கத்தியது, இரண்டும் சிங்களத்தில், இரண்டும் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்து, அப்போது நான் குசினியில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன், திருவிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன், பார்த்தால் அலுமாரிக்கு முன்னால் நிற்கிறேன், தேங்காய்ப்பூ ஒட்டின கையில் என்னுடைய அடையாள அட்டை இருக்கிறது. எப்போது எழும்பினேன், எப்போது அலுமாரியைத் திறந்தேன், எதுவும் ஞாபகமில்லை. பயந்தேனா? அதையும் சொல்லத் தெரியவில்லை. நெஞ்சு அடிக்கவில்லை, வேர்க்கவில்லை. கை மட்டும் போய் எடுத்திருக்கிறது. சிங்களத்தில் ஆம்பிளைச் சத்தம் கேட்டால் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரவேண்டும் என்று ஆமி வீடு வீடாக வந்த அந்த நாளில் பழகின கை. இப்போது யார் உயிலங்குளத்தில் வீடு வீடாக வந்து அட்டை கேட்கப்போகிறார்கள்… ஒருவரும் இல்லை. அறைக்குள் இருந்தது என்னுடைய மகன் கிருஷாந்தன், பதினைந்து வயது, போனில் கேம் விளையாடுகிறான். ஒரு குரல் போனுக்குள்ளிருந்து வந்தது, இசுரு என்று ஒரு பெடியன், மதவாச்சிப் பக்கம், இவன் அவனை நேரில் கண்டதே இல்லை. மற்றக் குரல் என் பிள்ளையுடையது. இயர்போன் பழுதாகிப்போனதால் நேற்றுத்தான் எல்லாம் வெளியில் கேட்டது, மற்ற நாளில் ஒரு முணுமுணுப்பு மட்டும்தான் வரும். ஆனாலும் பெற்ற பிள்ளையின் குரல் எப்படி எனக்குத் தெரியாமல் போனது?

அட்டையை இருந்த இடத்தில் வைத்தேன், அலுமாரிப் பிடியில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைச் சீலைத்துண்டால் துடைத்தேன், திரும்பிப் போய் மிச்சத் தேங்காயைத் திருவினேன். வேறு என்ன செய்ய? அறைக்குள் சத்தம் குறைந்து சிரிப்பாக மாறிவிட்டது. அப்போதுதான் பிரேமினி எனக்குப் போன் எடுத்தாள், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள், அவளுடைய மகனும் இவனுடைய வகுப்புத்தான், அதே கேம்தான். “அக்கா, என்ர பெடி ரெண்டு நாளாச் சோத்தில கை வைக்கேல்ல, கோப்பையைக் கொண்டுபோய் வைச்சா ஈ தான் சாப்பிடுது. உங்கட மோன் என்ன செய்யிறான்?” என்றாள். விளையாடுகிறான் என்றேன். “நீங்கள் ஒண்டும் சொல்லுறேல்லையோ?” என்ன சொல்ல என்றேன். “உங்களுக்குக் கோவமே வராதோ அக்கா? ஐஸ்கட்டியில செய்து விட்டவையோ உங்களை?” சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அவள் சொன்னதில் பிழை இல்லை. போன மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தபோதும் இப்படித்தான், ஒவ்வொரு தாயாக எழும்பி, கண் பழுதாகிறது, படிப்பு இல்லை, அடிக்கக் கை ஓங்குகிறான், ஒரு தகப்பன் எழும்பி நான் போனைக் குளத்தில் எறிந்தேன் என்று சொல்ல, அவருடைய மனைவி பக்கத்திலிருந்து, “அடுத்த நாள் தானே இறங்கித் தேடினவர், அதையும் சொல்லுங்கோவன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு எல்லாரும் திரும்பக் கவலைப்பட்டார்கள். நான் கதிரையில் இருந்து எல்லாருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஏதாவது வரவேண்டும் என்று காத்திருந்தேன், கோபமோ கவலையோ, ஒன்றும் வரவில்லை. கூட்டம் முடிந்து வெளியில் வரும்போது சிங்களப் பாடம் எடுக்கிற சேர் மறித்தார், “வீட்டில ஆர் சிங்களம் கதைக்கிறது? பெடியன் நல்லாக் கதைக்கிறான்.” ஒருத்தரும் இல்லை சேர் என்றேன். கேமில் பழகினது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் நிற்பாட்டச் சொல்லுவார் என்றா?

இவர், என் வீட்டுக்காரர், கிழமைக்கு ஒருதரம் போனை மண்வெட்டியால் கொத்துவேன் என்று சொல்லுவார், கொத்தமாட்டார். வெட்டுக் காலத்தில் அநுராதபுரப் பக்கத்திலிருந்து நெல்லு வெட்டுகிற மெஷின்காரர் வருவார்கள், அப்போது மகனைத்தான் தேடுவார். “டேய் தம்பி, வயலுக்கு வா, அவங்கள் என்னவோ சொல்லுறாங்கள், ஓவ் ஓவ் எண்டு தலையாட்டி எனக்குக் கழுத்து நோகுது.” ஓவ் என்றால் ஓம், ஆமாம். எங்களில் கனபேருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான், எது கேட்டாலும் ஓவ், விளங்கினாலும் ஓவ், விளங்காவிட்டாலும் ஓவ். இவன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிய ஆள் மாதிரிக் கதைப்பதை நான் தேத்தண்ணி கொண்டுபோன நேரம் வரம்பில் நின்று பார்த்தேன். மெஷின்காரன் என்னவோ சொல்ல இவன் இல்லை என்று தலையாட்டினான். அவன் திரும்பச் சொல்ல இவன் திரும்ப இல்லை என்றான். ஒரு சிங்கள ஆளுக்கு முன்னால் எங்கள் வீட்டு ஆள் ஒன்று இல்லை என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் தம்பி பார்த்தீபன் ஓவ் என்றுதான் சொன்னான். சண்டைக் காலம், வவுனியா போகிற வழியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டார்கள், எனக்குத் தட்டெழுத்துச் சோதனை, தனியாகப் போகவேண்டாம் என்று அம்மா அவனைத் துணைக்கு அனுப்பினவ. அவனை மறித்த ஆமிக்காரனுக்கும் தம்பியின் வயதுதான் இருக்கும், கத்தவில்லை, தள்ளவில்லை, மெதுவாக ஒரு கேள்வி கேட்டான், சின்னக் கேள்வி. தம்பி என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு ஓவ் என்றான். அவனை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள், என்னைப் போகச் சொன்னார்கள். பிறகு நடந்ததைச் சொல்லப்போவதில்லை, மற்ற வீடுகளில் நடந்ததுதான், தம்பியின் படத்தைக் கொண்டு ஆமி, பொலிஸ் என்று கந்தோர் கந்தோராக அலைந்த அம்மா, பிறகு அம்மாவும் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அர்த்தம் தெரியாது, ஓசை தெரியும். அரிசி களையும்போது வாய்க்குள் வரும், துணி காயப்போடும்போது வரும், மறக்கக்கூடாது என்று முதலில் நானாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், பிறகு அது தானாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. இவ்வளவு காலத்தில் தேய்ந்து போயிருக்குமோ, ஒரு சொல்லை நானே மாற்றிவிட்டேனோ… யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். யாரிடம்? அந்த நாளில் எனக்குத் தெரிந்த சிங்களவர் எல்லாரும் சீருடையில் நின்றார்கள். பிறகு கிருஷாந்தன் பிறந்த நேரம் ஆசுபத்திரியில் ஒரு சிங்கள நேர்ஸ், நல்ல பிள்ளை, என்னைக் காட்டி மற்ற நேர்ஸிடம் “மெயா” என்று ஏதோ சொன்னா. என் கேள்விக்குள்ளும் அந்தச் சொல் இருக்கிறது. மெயா என்றால் இவர், இவ, பக்கத்தில் நிற்கிற ஆள். அப்படியென்றால் அந்தக் கேள்வி என்னைப் பற்றியது. என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவன் ஓவ் என்றான். விளங்கித்தான் சொன்னானா, விளங்காமல் சொன்னானா, என்னை விடவேண்டும் என்று சொன்னானா… அதற்குப் பிறகு நான் ஒரு சிங்களச் சொல்லும் பழக முயலவில்லை, பஸ்ஸில் யாராவது சிங்களத்தில் கதைத்தால் யன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

“அம்மா, பசிக்குது” என்று கிருஷாந்தன் அறையை விட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. சோறு போட்டேன், கீரையும் திருக்கை மீன் குழம்பும். என்னடா சண்டை என்று கேட்டேன். “சண்டையோ? அது சும்மா. கேமில இசுரு சுடுபட்டு விழுந்திட்டான் அம்மா. கிட்டப் போய்த் தூக்கிவிட்டா எழும்பலாம். நான் போகேல்ல எண்டு அவனுக்குக் கோவம், எங்கயடா போனனீ எண்டு கத்தினவன்.” ஏன் போகவில்லை என்றேன். “போயிருந்தா நானும் செத்திருப்பன்” என்று சொல்லிக் குழம்பு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னான். விட்டேன். அவன் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இசுரு பேசினது முழுவதும் உனக்கு விளங்குமோ என்று கேட்டேன். “ஓம், எல்லாம் விளங்கும். முந்தித்தான் பாதி விளங்காது, கண்டபாட்டுக்கு ஓவ் எண்டு சொல்லி அடி வாங்கினது.” கேமில்தான், கேமில் அடி வாங்கினதைத்தான் சொல்லுகிறான். “அம்மா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கோவன் பாப்பம். உங்களுக்கு ஒண்டுமே தெரியாதோ? அப்பாவுக்காவது ஓவ் தெரியும்.” பகிடிக்குத்தான் கேட்டான். என் வாய் திறந்தது. “மெயா…” என்றேன். “ஆ, மெயா. பிறகு?” மிச்சம் நாக்கிலேயே நின்றது, முழுதாக, ஒரு சொல் குறையாமல், விட்டால் சொல்லிவிடுவேன், அவன் சோற்றை விழுங்கிவிட்டு அர்த்தத்தைச் சொல்லிவிடுவான், அவ்வளவுதான், எவ்வளவு நேரம் எடுக்கும்? “பிறகு என்ன அம்மா? மெயா எண்டா இவர். ஆரைச் சொல்லுறீங்கள்?” மறந்துபோச்சு என்றேன். “ரெண்டு எழுத்தோட வகுப்பு முடிஞ்சுதோ” என்று சிரித்தான். அறைக்குள் போன் சத்தம் போட, கை கழுவின தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடினான்.

கோப்பையைக் கழுவினேன், குசினியைக் கூட்டினேன். அறைக்குள் இப்போது இருவரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், கோபம் ஆறிவிட்டது போல, இவன் எதையோ நீளமாக விளக்க, அவன் இடைக்கிடை சிரித்தான். நான் கேட்டால் அந்த அர்த்தம் முதலில் என் காதுக்கு வராது, என் பிள்ளையின் தலைக்குள்தான் போகும், அவனுடைய வாயால்தான் வரும். சுவரில் இருக்கிற படம் காணாமல் போன மாமா என்று அவனுக்குத் தெரியும். மாமாவை மறித்தபோது நான் பக்கத்தில் நின்றது தெரியாது, கேள்வி ஒன்று இருப்பது தெரியாது, இவருக்கும் தெரியாது. “ஆர் அம்மா இப்பிடிக் கேட்டது?” என்று அவன் திருப்பிக் கேட்டால் நான் என்ன சொல்ல? பதினைந்து வயதுப் பிள்ளையிடம், கேமுக்கும் ரியூசனுக்கும் இடையில், இதைக் கொடுக்கலாமா? கொடுத்தால் பிறகு அந்த மொழியில் அவன் இப்படிச் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பானா, இடுப்பில் கை வைத்து இல்லை என்று சொல்லுவானா? கூட்டின தும்புத்தடியைச் சுவரில் சாத்தினேன், கீழே விழுந்தது, திரும்பச் சாத்தினேன். ஐஸ்கட்டியா என்று பிரேமினி கேட்டது ஞாபகம் வந்தது. மற்றத் தாய்மார் எல்லாரும் போனைப் பறித்தபோது நான் ஏன் பறிக்கவில்லை, டேட்டா முடிந்தால் ஏன் பேசாமல் கடைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன், கண் சிவந்திருப்பதைப் பார்த்தும் ஏன் இன்னும் கொஞ்சம் விளையாடட்டும் என்று விட்டேன், பாசமென்று இவர் நினைக்கிறார், கவனமில்லை என்று பிரேமினி நினைக்கிறாள், எனக்கே ஒன்றும் தோன்றுவதில்லை, மரத்துப்போனவள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேற்று அந்த ஒரு சொல் என் வாயால் வந்த பிறகுதான்… அவன் சிங்களம் படித்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேனா? என் கேள்விக்கு ஆள் தேவை என்று என் பிள்ளையை அந்த அறைக்குள் விட்டு வளர்த்தேனா?

பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிற குழு என்றபடியால் இதை இங்கே எழுதுகிறேன். கேம் கூடாது என்று எழுதவேண்டாம், அது எனக்கும் தெரியும், போன மாதம் கூட்டத்திலும் சொல்லிவிட்டார்கள். சிங்களம் தெரிந்தவர்கள் இருந்தால், அந்த வசனத்தை எழுது, நாங்கள் அர்த்தம் சொல்லுகிறோம் என்று கேட்கவும் வேண்டாம், அதை எழுத்தில் பார்க்க என்னால் முடியாது. ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை என்றால் கேட்பீர்களா? கேட்பேன் என்றாலும் எழுதுங்கள், கேட்கமாட்டேன் என்றாலும் எழுதுங்கள். அவன் இப்போதும் அறைக்குள்தான் இருக்கிறான்.