மீதி மருந்து

இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த கிழவர் யாரென்று தெரிந்ததும், மயக்க மருந்து டாக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு காலத்தில் அவளுடைய வேலைக்கு உலை வைத்த பெரிய சர்ஜன் அவர்.

அன்று, அந்தப் பழைய ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேஜையில் கிடந்தவர் வயதான தையல்காரர். அவள் பாதி மருந்தை மட்டும் நரம்பில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னும் கண்ணு மூடலையா? மீதியையும் ஏத்து" என்றார் சர்ஜன்.

"வயசானவர் சார். மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும். கொஞ்சமே போதும்."

அவர் ஊசியைப் பிடுங்கித் தானே அழுத்தினார். ரத்த அழுத்தம் சரிந்தது. தையல்காரர் பிழைக்கவில்லை. விசாரணையில், "அந்தப் பொண்ணுதான் அளவு தெரியாம ஏத்திடுச்சு" என்று கூசாமல் சொன்னார். அவளை வெளியே அனுப்பினார்கள். வேறு ஊரில், சின்ன ஆஸ்பத்திரியில், அடிமட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

இப்போது கிழவரின் கேஸை வேறொருவரிடம் தள்ளியிருக்கலாம். அவள் தள்ளவில்லை.

தியேட்டரில் அவளைப் பார்த்ததும் கிழவருக்கு முகம் வெளிறியது. "வேற யாராவது இருக்காங்களா?"

"ஏன்ப்பா? இங்க இவங்கதான் சீனியர்" என்றாள் பக்கத்தில் நின்ற மகள். அவளும் டாக்டர், அப்பாவைத் தெய்வமாக நினைப்பவள். கிழவர் ஊசிக்குக் கையைக் கொடுத்தார்.

டாக்டரம்மா அளந்து, மிகக் கொஞ்சமாக ஏற்றினாள். பிறகு நிறுத்தினாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிழவரின் கண்கள் ஊசியின் மேலிருந்த அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னும் கண்ணு மூடலையே சார். மீதியையும் ஏத்திடட்டுமா?"

"வேணாம்மா. எனக்கு வயசாயிடுச்சு, தாங்காது."

"அந்தத் தையல்காரருக்கு மட்டும் தாங்கிச்சா?"

"நான்தான் ஏத்தினேன்" என்றார் கிழவர், நாக்குக் குழற. "பழிய இவ மேல போட்டேன்." அதோடு கண் சொருகியது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா என்ன சொல்றார்?"

"ஆபரேஷன் முடியட்டும். ஒண்ணு விடாம சொல்றேன்."

டாக்டரம்மா அவரை அணு அணுவாகக் காப்பாற்றினாள். செத்துப்போனால் தப்பித்துவிடுவாரே.

மாலையில் கண் விழித்த கிழவர் மகளை நோக்கிக் கையை நீட்டினார். மகள் அதைப் பிடிக்கவில்லை. "அந்தத் தையல்காரர் வீடு எங்கப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

வாசலில் நின்று அதைக் கேட்ட டாக்டரம்மாவுக்கு நல்ல பசி எடுத்தது. இறங்கிப்போய் வயிறாரச் சாப்பிட்டாள்.