ஒருத்திக்குத்தான் இடம்

என் பேக்கரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரொட்டிக்காக வருவதில்லை. வாயைத் திறக்க ஓர் இடம் வேண்டும், அதற்காக வருகிறார்கள். ஷே செத்துப்போன வாரம் அப்படி வந்தவர்கள் எல்லாரும் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"பின்னாடி சீட்டு காலியாத்தானே இருந்துச்சு மெர்ல்?" என்றார் கோதுமைக் கிடங்கு வார்விக், கறி அடைத்துச் சுட்ட மீட் பையைக் கையில் வாங்கியபடி. "ஏத்திக்கிட்டு வந்திருந்தா அந்தப் பொண்ணு இன்னிக்கு உயிரோட இருக்கும்."

"புது லைசென்ஸ்காரங்க சிவப்பு பி பலகை மாட்டின வண்டியில அந்த வயசுப் பசங்க ஒருத்தருக்கு மேல ஏறக்கூடாது. உங்க மகன் லைசென்ஸ் வாங்கினப்பவும் அதுதானே ரூலு?"

"ரூலாம் ரூலு! மெல்போர்ன்ல வாசல்லயே ட்ராம் வந்து நிக்கிறவன் எழுதினது. இங்க கங்காருவை விட்டா வேற போக்குவரத்து ஏது? என் பையன் சிவப்பு பி மாட்டிக்கிட்டு அரை டீமையே ஏத்திட்டுப் போவான். என்ன குறைஞ்சு போச்சு?"

உள்ளே தட்டுகள் உருட்டும் சத்தம் நின்றுவிட்டது. அடுப்பறையில் இருந்தவள் பிரையனி. காலையில் என்னிடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு ஹார்ஷம் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்குக் காரோட்டிப் போகிறவள். வார்விக் சொன்ன காலி சீட்டு அவள் காரில்தான் இருந்தது.

"வார்விக், பை ஆறுது. வீட்டுல போயித் தின்னுங்க," என்றேன். மனிதர் முறைத்துக்கொண்டே போனார். என் கடை, என் வாய்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மின்டோராவில் எங்கள் ஊர்ப் பெண்களின் நெட்பால் ஆட்டம், பக்கத்து மைதானத்தில் பையன்களின் கால்பந்து. ஷேயும் அவள் தோழி கெல்சியும் கெல்சி அம்மாவின் காரில் போயிருந்தார்கள். கால்பந்தில் கெல்சியின் தம்பிக்குத் தோள் எலும்பு முறிய, அம்மா அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பெண்கள் இருவரும் ஊர் திரும்ப வண்டியில்லாமல் நின்றார்கள். பயிற்சியிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருந்ததால் பிரையனியிடம் சொந்தக் கார் இருந்தது. கண்ணாடியில் சிவப்பு பி இன்னும் பளபளத்துக்கொண்டிருந்தது. அவள் கெல்சியை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஷே, ஆட்டம் பார்க்க வந்திருந்த லிண்ட்சேயின் வண்டியில் ஏறினாள்.

லிண்ட்சேயைவிட நல்ல ஆளோ நல்ல ஓட்டுநரோ எங்கள் கர்ன்பூலில் கிடையாது. குடிக்காத மனிதர். கங்காரு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாதே, பிரேக்கை மிதி, இடித்தால் இடிக்கட்டும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அந்தி நேரத்தில் ஒரு கங்காரு குறுக்கே வந்தபோது அவர் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வண்டி யூகலிப்டஸ் மரத்தில் போய் மோதியது. அவர் இடுப்பெலும்பு நொறுங்கி மெல்போர்னில் கிடக்கிறார். ஷே அங்கேயே போய்விட்டாள்.

லிண்ட்சேயைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கங்காருவைத் திட்டி என்ன பயன்? ஆனால் துக்கம் சும்மா இருக்காது, யார் தலையிலாவது ஏறி உட்கார்ந்தால்தான் அதற்கு ஆறும். சட்டத்தை மதித்த பெண்ணின் தலையில் ஏறி உட்கார்ந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த அந்திப்பொழுதில் நான் மீட்புக் கொட்டகையில் இருந்தேன். எங்கள் ஊரில் விபத்து என்றால் பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. தொண்டர்கள்தான் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள், வண்டியை அறுத்து ஆளை எடுப்பார்கள். அவர்கள் திரும்பி வரும்போது சாப்பிட சாண்ட்விச் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ஷேயின் அம்மா நோலீன் அந்தக் குழுவில் பல வருஷமாக இருப்பவள். பேஜர் அலறியதும் அவளும் உடுப்பு மாட்டிக்கொண்டுதான் வந்தாள். யாருடைய வண்டி என்று தெரிந்ததும் குழுத் தலைவர் அவளை லாரியிலிருந்து இறக்கிவிட்டார். அவள் கொட்டகை வாசலில், தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றாள்.

அப்போதுதான் பிரையனி ஓடி வந்தாள். நோலீனின் அக்கா காலீன் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானடீ அவளைக் கூட்டிட்டு வரணும்? ஏன் விட்டுட்டு வந்த?"

பிரையனி வாசலில் நின்ற நோலீனைப் பார்த்தாள். அந்த ஆரஞ்சு உடுப்பைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "நான்தான் இறங்கச் சொன்னேன். ஒருத்தியைத்தான் ஏத்தலாம்னு சொன்னேன்."

நோலீன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும், விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அடக்கத்தன்று நெட்பால் பெண்கள் தேவாலய வாசலில் ஆட்ட உடுப்போடு இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவே பெட்டி போகும். பிரையனி வரிசையின் கடைசியில் போய் நின்றதும் காலீன் வந்து அவள் காதருகே ஏதோ சொன்னாள். பிரையனி தலையைக் குனிந்தபடி விலகி, சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். வெயிலில் தனியாக நின்று தோழியின் பெட்டி போவதைப் பார்த்தாள். அன்று நானும் வாயைத் திறக்கவில்லை, துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று.

இரண்டொரு நாளில் அவள் காரின் பின் கண்ணாடியில் படிந்த புழுதியில் யாரோ விரலால் எழுதிவைத்தார்கள்: 'இடம் காலி'. எந்தக் கை எழுதியதோ, அது இன்றைக்கும் என் கடை ரொட்டியைத்தான் தின்கிறது. பிரையனி கண்ணாடியைத் துடைத்தாள், பி பலகைகளைக் கழற்றினாள், காரை வீட்டுக் கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஹார்ஷமுக்கு வேறு போக்கு கிடையாது, பயிற்சி நின்றது. பல்லாரட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விடப் போவதாக என்னிடம் சொன்னாள். இந்த ஊரை விட்டே போகிறாள், படிப்பும் போகிறது என்று அர்த்தம்.

உண்மை கெல்சியின் வாயிலிருந்து வந்தது. ரொட்டி வாங்க வந்தவள் வாங்காமல் அழுதுகொண்டு நின்றாள்.

"மெர்ல், பிரையனி யாரையும் இறக்கிவிடல. நாங்க ரெண்டு பேரும் ஏறி உக்காந்துட்டோம். 'யாரு பாக்கப் போறா, போலாம்'னு பிரையனியே சொன்னா. ஷேதான் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினா."

"ஏன்டீ?"

"அவங்கம்மா அவகிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்களாம். சிவப்பு பி வண்டியில ரெண்டாவது ஆளா ஏறவே மாட்டேன்னு. அவங்க எத்தனை வண்டிய அறுத்திருக்காங்க, அதனால. நாங்க கிண்டல்கூடப் பண்ணோம், அம்மா பொண்ணுன்னு. சிரிச்சுக்கிட்டே இறங்கிப் போனா."

நான் கையிலிருந்த மாவைத் துடைக்காமலே அடுப்பறைக்குள் போனேன்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? செய்யாத தப்பை ஏன்டீ தலையில தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிற?"

பிரையனி நிமிர்ந்து பார்க்கவில்லை. "கெல்சி சொல்லிட்டாளா?"

"ஊருக்கே சொல்லப் போறேன். இப்பவே!"

"சொல்லாதீங்க மெர்ல்." இப்போதுதான் நிமிர்ந்தாள். "நோலீன் அங்க அந்த உடுப்போட நின்னாங்க. 'உங்க பேச்சைக் கேட்டுத்தான் உங்க பொண்ணு இறங்கினா, இறங்கினதால செத்தா'ன்னு அவங்க முகத்தைப் பாத்து நான் எப்படிச் சொல்ல? என்னைத் திட்டினா நான் தாங்கிக்குவேன். இது தெரிஞ்சா அவங்க பிழைக்க மாட்டாங்க."

பதினெட்டு வயசுப் பெண். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கடையைப் பூட்டினேன். சொல்லமாட்டேன் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஒருத்தி செத்தாயிற்று, இன்னொருத்தியையும் உயிரோடு புதைக்க நான் விடுவதாக இல்லை.

நோலீன் வீட்டுச் சமையலறையில், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த உணவுப் பாத்திரங்கள் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன. எதிரே உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது.

"பிரையனி விஷயமா வந்தேன்," என்றேன். "அவ இறக்கிவிடல நோலீன். ஷே தானாத்தான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஷே எனக்குப் போன் பண்ணா." நோலீன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மைதானத்துலேருந்து. 'அம்மா, பிரையனி வண்டியில கெல்சி ஏறிட்டா, நான் இறங்கிட்டேன். லிண்ட்சேகூட வரேன், கவலைப்படாத'ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'என் தங்கம், நல்ல பொண்ணு'ன்னு சொன்னேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? அந்தப் பொண்ணு கண்ணாடியில எழுதிவச்சாங்க. அடக்கத்துல உன் அக்கா அவளைத் துரத்தினா. நீ பாத்துக்கிட்டுத்தான் இருந்த."

"ஆமா, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் குரல் ஏறவில்லை. "அவ அன்னிக்கு ஏன் அப்படிப் பொய் சொன்னான்னு எனக்குப் புரியல. ஆனா அவ சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு மெர்ல். பழி அவ மேல இருக்கிறவரைக்கும்தான் எனக்கு மூச்சு விட முடியுது. நீ என்னைத் திட்டு. திட்டறதுக்குத்தானே வந்த?"

திட்டத்தான் வந்தேன். ஆனால் பிள்ளையை வளர்த்து, ஆபத்து எது என்று தெரிந்து, சத்தியம் வாங்கி, அது பலித்து, பலித்ததாலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் என்ன சொல்லித் திட்டுவது?

"அவ எதுக்குப் பொய் சொன்னா தெரியுமா?" என்றேன் கடைசியில். "உனக்காக. உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. தெரிஞ்சா நீ பிழைக்க மாட்டன்னு தானே சுமக்கிறா. படிப்பை விட்டுட்டு ஊரை விட்டுப் போகப் போறா."

நான் எழுந்து, ஒரு பாத்திரத்தை எடுத்துச் சூடாக்கி அவள் முன் வைத்துவிட்டு வந்தேன். தின்றாளா தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வெளியூர் ஆட்டம். பெண்களும் தாய்மார்களும் எங்கள் ஊர் மைதான வாசலில் கூடி, யார் யார் எந்த வண்டி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரையனியை நான்தான் பி பலகையை மறுபடி மாட்டிக் காரை எடுத்து வரச் சொல்லி இழுத்து வந்திருந்தேன், கடைசியாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போ என்று. ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வண்டிப் பக்கம் யாரும் போகவில்லை. கெல்சி ஓரடி எடுத்துவைத்தாள், அவள் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். வார்விக்கும் அங்கேதான் கைகட்டி நின்றார்.

நோலீனின் வண்டி வந்து நின்றது. அவள் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேராகப் பிரையனியின் காருக்கு அருகே போய், முன் கதவைத் திறந்து ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை. வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ஷேயை யாரும் இறக்கிவிடல. அவளாத்தான் இறங்கினா. ரெண்டாவது ஆளா ஏறக்கூடாதுன்னு நான் சொல்லி வளர்த்தேன், அதனால இறங்கினா. எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். யாரையாவது திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

வார்விக் தரையைப் பார்த்தார்.

"இல்ல நோலீன்," என்றாள் பிரையனி. "நான்தான் இறங்கச் சொன்னேன். நிஜமா. நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான்..."

"போதும்டீ." நோலீன் அவள் கையைப் பிடித்தாள். "நீ எனக்காகத்தான் சொல்ற, தெரியும். ஆனா என் பொண்ணு கடைசியா ஒரு காரியம் பண்ணா. நான் சொன்னதைக் கேட்டா. எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நீ எடுத்துக்காத."

பிரையனி அப்போதுதான் அழுதாள். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து ஒரு பாட்டம் அழுதாள், நோலீன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு நோலீன் தலையை வெளியே நீட்டிப் பெண்களைக் கூப்பிட்டாள்.

"என்ன பாக்கறீங்க? முழு லைசென்ஸ் வச்சிருக்கிற பெரிய ஆளு பக்கத்துல உக்காந்தா எத்தனை பேரும் ஏறலாம். அதுவும் ரூலுதான். வாங்க, நேரமாச்சு."

கெல்சி அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். இன்னும் இரண்டு பெண்கள் பின்னாலேயே போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எந்த வழியா போகட்டும்?" என்று பிரையனி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். ஆட்டம் நடக்கிற ஊருக்கு மின்டோரா சாலைதான் நேர் வழி. அந்த மரமும் அதில்தான் நிற்கிறது. சுற்றிப் போகவும் ஒரு வழி உண்டு.

நோலீன் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நேர் வழியிலேயே போ. அன்னிக்கு அந்த மரத்துக்கிட்ட அவளை எடுக்கக்கூட நான் போகல. இன்னிக்காவது போறேன்."