பத்திரம் சாரின் பேட்டரிகள்

தியேட்டர் மேனேஜருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைப் பெண்டாட்டியே மறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. எந்தப் பொருளை யார் கையில் கொடுத்தாலும் கூடவே "பத்திரம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். டார்ச் கொடுத்தால் பத்திரம், வாளி கொடுத்தால் பத்திரம், துடைப்பம் கொடுத்தால்கூடப் பத்திரம். டிக்கெட் கிழிப்பவரிலிருந்து டீ போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பத்திரம் சார் ஆனது அப்படித்தான்.

அவரைக் கஞ்சன் என்று சொன்னால் பாவம். கஞ்சன் வாங்கவே மாட்டான். இவர் வாங்குவார், உபயோகிக்கத்தான் மனசு வராது. வீட்டில் டிவி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு உறை. சேனல் மாற்றக் கட்டைவிரல் வலிக்கும். ஆசையாக வாங்கிய தோல் செருப்பைப் பெட்டியிலேயே வைத்திருந்து, ஒருநாள் மனசு வந்து எடுத்துப் போட்டபோது, இவர் தெருவுக்குப் போனார், அடிப்பாகம் வாசலிலேயே நின்றுவிட்டது. அன்று முழுக்கச் செருப்புக் கம்பெனிக்காரனைத் திட்டித் தீர்த்தார்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. காலாவதியான மாத்திரைகளைத் தேடித் தேடிப் பொறுக்கி எறிவதே அவளுக்குப் பாதி நாள் பிழைப்பு. அதே கையோடு வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைவாள். அவள் குப்பையில் போட்ட தலைவலி மாத்திரையை இவர் பின்னாலேயே போய்ப் பொறுக்கி வருவார். "தேதி அட்டையிலதானே முடிஞ்சிருக்கு, மாத்திரைல எழுதலையே" என்பார். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்த புண்ணியவான் யாரோ, அவரைத் தேடிப் பிடித்து ரெண்டு கேள்வி கேட்க வேண்டும்.

இப்போது பத்திரம் சாருக்கு ஒரு கவலை. தியேட்டருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம். முதலாளியம்மாவுக்குத் தியேட்டர் என்றால் உயிர். அவருடைய மகன் சின்னவருக்கோ சிமென்ட் என்றால் உயிர். "இந்தத் தடவை லைசென்ஸ் கிடைக்கலன்னா சிமென்ட் குடோன் ஆக்கிடலாம்மா. சார் வேணும்னா அங்கயே வாட்ச்மேனா இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் அம்மாவைக் கரைத்து வைத்திருந்தார். மீசை முளைத்த வயதில் டிக்கெட் கிழிக்க வந்து, கூட்டத்தை அடக்கி, திரையைக் கழுவி, படிப்படியாக மேனேஜர் ஆனவர் பத்திரம் சார். இந்த வயதில் மூட்டைகளுக்குக் காவல் உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

தீயணைப்புத் துறையிலிருந்து சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மா சின்னப் பெண். சிரிக்க மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தவள் மாதிரி முகம். மணல் வாளிகளைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். ஹாலுக்குள் வந்து ஆறு கதவுகளின் தலைமேலும் பச்சையாக எரிந்துகொண்டிருந்த அவசர வழி விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப மாட்டினது?"

"ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். ஆனா பாருங்க, அப்படியே புதுசு மாதிரி! மத்த தியேட்டர்ல எல்லாம் ரெண்டு தடவை மாத்திட்டாங்க" என்று பத்திரம் சார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சரி, மெயினை ஆஃப் பண்ணுங்க. ஜெனரேட்டர் போட வேண்டாம்."

ஒயர்மேன் தயங்கித் தயங்கிப் போய் மெயினை இறக்கினார். ஹால் இருண்டது. கூடவே ஆறு விளக்குகளும் அணைந்தன. கரண்ட் போனால் வழிகாட்ட வேண்டிய விளக்குகள், கரண்டுக்கு முன்னால் நாங்கள் போகிறோம் என்று போய்விட்டன.

"பேட்டரி எல்லாம் செத்துப்போச்சா?" என்று இருட்டுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் கேட்டது.

"ஐயோ, இல்ல மேடம்! சாகவே விடல. மாட்டின அன்னிக்கே கழட்டி எடுத்து வச்சிட்டேன்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"வீட்ல, பீரோவுல. ரொம்ப பத்திரமா இருக்கு."

இருட்டிலிருந்தே இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்: "அப்போ இங்க தீப்பிடிச்சா, ஜனங்க எல்லாம் உங்க வீட்டுக்கு ஓடி வந்து பேட்டரி வாங்கிட்டுப் போகணுமா சார்?"

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விளக்குகளை மாட்டிய அன்று, "பேட்டரி நாலு வருஷம்தான் சார் வரும்" என்று ஒயர்மேன் வாயை விட்டிருந்தார். பத்திரம் சார் இரண்டு நாள் தூங்கவில்லை. கரண்ட் இருக்கும்போது விளக்கு கரண்டிலேயே எரிகிறது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் வந்துவிடுகிறது. பேட்டரி எதற்கு உள்ளே உட்கார்ந்து தேய வேண்டும்? ஆபத்து என்று ஒன்று வந்தால் மாட்டிக்கொள்ளலாம். ஆறையும் கழற்றித் துணியில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் மனைவி கண்ணில் படாத மூலையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆபத்து முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வரும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு சோதனையை முடித்துவிட்டு வருவதாகவும், அதற்குள் மாட்டிவைக்கும்படியும் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரம்மா போனாள். பத்திரம் சார் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மனைவிக்கு அன்று லீவு. பீரோ சாவி அவள் இடுப்பில் இருந்தது.

துணி மூட்டையைப் பிரித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு பேட்டரியும் வீங்கிப்போய், வெள்ளையாகப் பொடி பூத்துக் கிடந்தன. பொடி மேல்தட்டு வரைக்கும் பரவியிருந்தது.

"அதானே பார்த்தேன்! என் நல்ல புடவையில ஓட்டை விழுந்ததுக்குப் பூச்சின்னு நெனச்சு மூட்டை மூட்டையா அந்துருண்டை வாங்கிப் போட்டேனே! அந்தப் பூச்சி நீங்கதானா?"

"அத அப்புறம் பேசலாம்மா. இப்ப ஏறு வண்டியில."

அவள் பேட்டரிப் பையை ஒரு கையால் தூரமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒயர்மேன் பேட்டரிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் உயிர் இல்லை. திரும்பி வந்த இன்ஸ்பெக்டரம்மா ஒரு பேட்டரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உபயோகிச்சாத்தான் தீரும்னு நெனச்சுட்டீங்க. சும்மா வச்சிருந்தாலும் அதுக்கு வயசாகும் சார்."

"இதைத்தான் நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன் மேடம்" என்றாள் மனைவி. இன்ஸ்பெக்டரம்மாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

தீர்ப்பு இதுதான். தியேட்டரை உடனே மூட வேண்டும். விளக்குகளைப் புதிதாக மாட்டி, ஒரு நாள் முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டும். அடுத்த வாரம் அவள் வந்து மெயினை இறக்கச் சொல்வாள். ஆறும் ஒன்றரை மணி நேரம் பேட்டரியிலேயே எரிய வேண்டும். நடுவில் ஒன்று அணைந்தாலும் லைசென்ஸ் கிடையாது.

முதலாளியம்மா கடைசித் தடவையாக வாங்கச் சம்மதித்தார். புது விளக்குகள் வந்தன. முகப்பில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒயர்மேன் உரிக்கப் போக, "இருக்கட்டும்யா, கீறல் விழாது" என்று பத்திரம் சார் தடுத்தார். அதனால் மனைவியே ஏணியில் ஏறி ஆறையும் உரித்துவிட்டு இறங்கினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சோதனை நாளன்று காலையில் ஹாலுக்குள் ஐந்து பேர். கடைசி வரிசையில் இன்ஸ்பெக்டரம்மா. அவளுக்கு முன்னால் சின்னவர். கையில் அளவு டேப்போடு, மூட்டைகளை நீளவாக்கில் அடுக்கினால் எத்தனை கொள்ளும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு. மெயின் பக்கத்தில் ஒயர்மேன். நடுவில் பத்திரம் சாரும் மனைவியும். அவள் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "உங்க கைய நம்ப முடியாது. நான் பக்கத்துல இருந்தாத்தான் சும்மா இருக்கும்" என்பது அவள் சொன்ன காரணம்.

மெயின் இறங்கியது. ஹால் இருண்டது. ஆறு கதவுகளின் மேலும் விளக்கில் வரைந்திருந்த பச்சை மனிதன் ஓடிக்கொண்டேயிருந்தான்.

பத்திரம் சார் அந்த ஹாலில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. படம் ஓடும்போதெல்லாம் கதவோரம் நின்றே பழகியவர். அவர் உட்கார்ந்து சீட் தேய்ந்துவிட்டால்?

"நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து இங்க உக்காருறதும் இதான் முதல் தடவை. தியேட்டர்காரனைக் கட்டிக்கிட்டேன்னு ஊரே பொறாமைப்பட்டுச்சு. கடைசியில கதவு விளக்கைப் பார்க்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

அவரால் சிரிக்க முடியவில்லை. ஒரு நல்ல பொருள், புத்தம்புதுப் பொருள், கண்ணெதிரே வீணாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. அதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறார்கள். இருக்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரோ தன் ரத்தத்தை எடுப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்தார். பாதி நேரம் போனதும் ஒயர்மேன் பழக்கதோஷத்தில், "இடைவேளை, டீ யாருக்கு?" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் திரைக்கு இடப்பக்கத்து விளக்கு மங்க ஆரம்பித்தது. மற்ற ஐந்தும் பளிச்சென்று இருக்க, இது மட்டும் சோர்ந்துகொண்டே போனது. சின்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரம்மா செல்போனில் நேரம் பார்த்தாள்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "அது மட்டும் ஏன் அப்படி இருக்கு?"

பத்திரம் சார் விளக்கை விட்டுத் தரையைப் பார்த்தார்.

"என்னங்க பண்ணீங்க?"

"நேத்து சாயங்காலம் தொட்டுப் பார்த்தேன். அது மட்டும் சூடா இருந்துச்சு. பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வச்சேன்."

"கொஞ்ச நேரம்னா?"

"காலைல வந்துதான் போட்டேன்."

அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இத்தனை வருஷம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிய தியேட்டரை நாமே காப்பாற்றிக் காப்பாற்றிக் கொன்றுவிட்டோமே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். விளக்கு இன்னும் மங்கியது. அவருக்குப் பொறுக்கவில்லை. கால்கள் தாமாக எழுந்து மெயினை நோக்கி நகர்ந்தன. கரண்டைப் போட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். லைசென்ஸ் போய்விடும் என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஏறவேயில்லை.

மனைவி அவர் சட்டையின் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"விடும்மா, துடிக்குது பாரு!"

"துடிக்கட்டும். எரியறதுக்குத்தானே வாங்கினோம்? எரியட்டும் விடுங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மனைவி அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எரியுது... எரியுது... கொஞ்சம் தூங்கி விழுது... இல்ல, முழிச்சுக்கிச்சு... எரியுது..." அவர் வாழ்நாளில் ஒரு படத்தையும் இவ்வளவு பதற்றத்தோடு கேட்டதில்லை.

"டைம் ஆச்சு" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

கண்ணைத் திறந்தார். இடப்பக்கத்துப் பச்சை மனிதன் தள்ளாடிக்கொண்டு, ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டரம்மா டார்ச் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டாள். "இன்னிக்கு முழுக்க மறுபடி சார்ஜ் ஏறட்டும். நாளையிலேருந்து ஷோ போடுங்க. பேட்டரி மேல யாரும் இரக்கப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னவர் அளவு டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினார்.

ஒயர்மேன் மெயினில் கை வைத்தார். "போட்டுடவா சார்?"

"போடாத!"

ஒயர்மேன் திகைத்துப்போனார். மனைவி அதைவிட.

"இன்னும் எரியுதுல்ல? முடியற வரைக்கும் எரியட்டும்" என்றார் பத்திரம் சார். சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அழுகை வந்தது. இருட்டாக இருந்தது வசதியாகப் போயிற்று.

முதலில் இடப்பக்கத்து நோஞ்சான் அணைந்தது. வெகுநேரம் கழித்து மற்றவை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கடைசி விளக்கும் போனபின் ஹால் கும்மிருட்டாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாலு வருஷம் கழிச்சு இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டணும், தெரியுமில்ல?" என்றாள் மனைவி.

"மாட்டிடலாம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேசியது அவர்தானா என்று பார்க்கச் செல்போன் டார்ச்சை அவர் முகத்துக்கு நேராக அடித்தாள்.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "நான்தான்மா. அத அணை. சார்ஜ் வீணாப் போகுது."