எடுத்து வைத்த சுவரொட்டி

எனக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தேனிக்குப் போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். என் அப்பா ஆரோக்கியசெல்வத்துக்கு அது போதவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேராகச் சுருளியாண்டி பெரியப்பாவின் கறிக்கடைக்குப் போவார். ஆட்டு மண்ணீரலை எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ரத்தம் ஊற அதை விட்டால் வேறில்லை என்பது ஊர் முடிவு. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். யார் கெஞ்சினாலும் பெரியப்பா கொடுக்கமாட்டார். எனக்கென்று இலையில் மடித்து வைத்துவிடுவார். அப்பா அதை இரும்புச் சட்டியில் மிளகு போட்டு வதக்கி, கடைசித் துண்டை நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த வாசனையே எனக்கு ஆகாது.

போன மாதம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏத்துற ஒவ்வொரு பை ரத்தத்துலயும் இரும்பு இருக்குங்க. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஈரல்ல படிஞ்சது இப்ப இதயத்துலயும் படிய ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா இதயம் தாங்காது. நீங்க வேற வாராவாரம் சுவரொட்டியில இரும்பைச் சேர்த்துக் குடுத்திருக்கீங்க."

பஸ் எங்கள் ஊர் கம்பத்துக்கு வந்தது. இறங்கியதும் அப்பா பொலபொலவென்று அழுதார். "நானே ஒன்னையக் கொல்லப் பாத்தேனே ஆத்தா."

எனக்குக் கோபம்தான் வந்தது. "நீங்க அழுதா என் இரும்பு கரையாதுப்பா. பம்பு ஊசி போட்டா ஒண்ணுக்குல இறங்கிரும்னு டாக்டர் சொன்னாகல்ல? போடக் கத்துக்கங்க."

கற்றுக்கொண்டார். முதல் நாள் பஞ்சால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். வயிற்றுச் சதையை நானே பிடித்துக் கொடுத்து, குத்துங்கள் என்று அதட்டினேன்.

அடுத்த ஞாயிறு, பெரியப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனோம். நான் இடுப்பில் கட்டிய சின்ன மருந்துப் பம்போடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அப்பாவைக் கண்டதும் பெரியப்பா வழக்கம்போலப் பொட்டலத்தை நீட்டினார்.

"வேணாம்ணே," என்றார் அப்பா. பொட்டலத்தைப் பெரியப்பா பக்கமே தள்ளிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்தார்.

பெரியப்பாவின் முகம் செத்துப்போனது. வெட்டுக்கத்தியைக் கட்டையில் போட்டுவிட்டார். "ஏலே செல்வம்... பாப்பா எப்படா...?"

அப்பா வேண்டாம் என்று சொல்ல வேறென்ன காரணம் இருக்க முடியும்? கடையில் நின்ற சனம் மொத்தமும் அப்பாவைப் பார்த்தது.

நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். "பெரியப்பா, இங்கனதான் நிக்கேன். நான் சாகல, இப்பச் சாகவும் மாட்டேன். அதுக்குத்தான் வேணாங்குறோம். வேற யாருக்காச்சும் குடுங்க."

அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து அழுதார்.