இருபத்திரண்டு வருஷத்துப் புதுப்பெண்

மொராதேக்கேயின் வயது நாற்பத்தாறு. மூத்த மகன் கல்லூரிக்குப் போகிறான். இபாதான் நகரத்தில் அவள் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியைக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ஆனால் இஜெபு ஓடே ஊரில் இருக்கும் புகுந்த வீட்டு வாசலை மிதித்துவிட்டால் அவள் இன்னும் புதுப்பெண்தான். மாமியார் அப்படித்தான் கூப்பிடுவாள், நாத்தனார் ஒலைத்தான் அப்படித்தான் கூப்பிடுவாள், தெருவில் எண்ணெய் விற்கிறவள்கூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த வீட்டில் வயதைப் பார்ப்பதில்லை, வந்து சேர்ந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். முன்னால் வாழ வந்தவள் பெரியவள், பின்னால் வந்தவள் சின்னவள். அவள் வருவதற்கு முந்தின நாள் அங்கே பிறந்த குழந்தைகூட அவளுக்குப் பெரியவர்தான். கடைசி மைத்துனன் பொலாஹானுக்கு அப்போது எட்டு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற அந்தப் பையனை அவள்தான் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அதனால் 'படிப்பாளி ஐயா' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டாள். படிப்பாளி ஐயா கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டு வந்த நாளிலும் அதே பேர்தான்.

புதுப்பெண் என்ற பட்டம் சும்மா வரவில்லை, பானையோடு வந்தது. மாமனாரின் நினைவு நாள் பிப்ரவரி முதல் ஞாயிறு. சர்ச் ஆராதனை முடிந்து நாற்பது பேர் சாப்பிட வருவார்கள். கல்யாணம் காட்சி என்றால் ஆள் வைத்துச் சமைப்பார்கள். இந்தச் சாப்பாடு மட்டும் வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள் கையால் ஆக வேண்டும். கொல்லையில் மூன்று கல் கூட்டி, விறகு அடுக்கி, இரண்டு ஆள் தூக்குகிற இரும்புப் பானையில் ஜோலோஃப் சோறு. தக்காளியும் சிவப்புக் குடைமிளகாயும் காரமிளகாயும் அரைத்த விழுது எண்ணெயில் கொதித்துத் தெறிக்கும். அது தெறித்த பொட்டுகள் அவள் முன்கையில் இன்னும் இருக்கின்றன. சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் அவள் ஒரு தடவைகூடக் கூடத்தில் உட்கார்ந்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அப்படி என்னதான் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று விறகைத் தள்ளிக்கொண்டே யோசிப்பாள்.

தனக்குப் பின்னால் ஒருத்தி வந்தால் விடுதலை. வர வேண்டியவள் பொலாஹானின் மனைவி. அவனோ பிடி கொடுக்கவில்லை. ஒரு பெண் கனடாவுக்குப் போய்விட்டாள், இன்னொருத்தியின் அப்பாவுக்கு இவனைப் பிடிக்கவில்லை. அவன் கல்யாணத்துக்காகக் குடும்பமே ஜெபம் செய்தது. மொராதேக்கே மூன்று நாள் உபவாசம் இருந்தாள். மைத்துனன்மேல் என்ன பாசம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அவளும் மறுக்கவில்லை.

போன டிசம்பரில் கல்யாணம் நடந்தது. பெண் பேர் சிமிசோலா, லாகோஸில் வங்கி வேலை. மோதிரம் மாற்றும்போது மொராதேக்கே அழுத அழுகையைப் பார்த்துப் பெண்ணின் அம்மாவே சற்று வெட்கப்பட்டாள்.

இந்த வருஷம் நினைவு நாளுக்கு அவள் பழைய துணியை எடுத்து வைக்கவில்லை. ஆறு வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்த ஊதா லேஸ் உடையை இஸ்திரி போட்டாள். தலைக்கட்டுத் துணியை முன்னால் விசிறிபோல விரித்துக் கட்ட அரை மணி நேரம் ஆயிற்று. ராத்திரி பாதி வரை பரீட்சைத் தாள் திருத்தியதில் கண் எரிந்தது, இடுப்பு வலித்தது. இருந்தாலும் இன்றைக்கு உட்காரலாம் என்ற நினைப்பே ஒரு மாத்திரை. கார் ஓட்டிக்கொண்டு வந்த புருஷன் கொலாப்போ அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான். எனக்குத்தான் என்றாள்.

கொல்லையில் சிமிசோலா ஏற்கெனவே வந்து நின்றாள். விடியற்காலை நாலு மணிக்கு லாகோஸிலிருந்து கிளம்பினாளாம். கண் இரண்டும் சிவந்து, நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவாள்போல இருந்தாள். மொராதேக்கேயைக் கண்டதும் மண்டியிட்டு வணங்கினாள். மொராதேக்கே தன் உயரத்தில் பாதி இருக்கும் மரத்துடுப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், சடங்கு முடிந்தது. கை காற்றில் மிதப்பதுபோல லேசாக இருந்தது.

சிமிசோலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, நான் வீட்டுல காஸ் அடுப்புலதான் வைப்பேன். அதுவும் ரெண்டு பேருக்கு. இதுக்கு ஏதாச்சும் பக்குவம் இருக்கா?"

பக்குவம் இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான். அரிசி பாதி வெந்ததும் எரிகிற விறகை எல்லாம் வெளியே இழுத்துவிட்டு, வெறும் தணலில் பானையை மூடி விட வேண்டும். காஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் தீ தணியும்; விறகு அடுப்புக்கு எது திருகு என்று அதைப் பழகாதவளுக்குத் தெரியாது. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். மொராதேக்கே வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஒலைத்தான் கதவோரம் வந்து, கூடத்துக்கு வராமல் இங்கே என்ன நிற்கிறாய், உனக்கு அன்றைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லைதான். உண்மையைச் சொன்னால், மொராதேக்கே வாயை மூடியது நாத்தனாருக்குப் பயந்து அல்ல. சிமிசோலாவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வார்த்தை கேட்பாள், பிறகு துடுப்பு தன் கைக்கே வரும், பிறகு இந்த லேஸ் புகையில் வேகும். அலுத்துப் போயிருந்தாள்.

"பாத்துச் செய்ம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் மாமனார் படத்துக்குக் கீழே அவளுக்கு ஒரு மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே அவளுக்கு முன்னால் வந்த மருமகள் அபேக்கே, பக்கத்தில் ஒலைத்தான், நடுவில் மாமியார். பேச்சு நடந்தது. சபை மூப்பரின் சவுரி முடி மின்விசிறிக் காற்றில் பறந்த கதையை ஒலைத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அதையே மறுபடி சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். இதற்காகவா இருபத்திரண்டு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம் என்று மொராதேக்கேக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உட்கார்ந்ததும் அசதி முழுவதும் காலில் இறங்கியது.

ஆனால் மூக்கு கூடத்தில் உட்காரவில்லை. எண்ணெயில் வெங்காயம் சிவந்தது தெரிந்தது. தக்காளி விழுது இறங்கியது, புளிப்பு போகிற மட்டும் வதங்கியது. பரவாயில்லை, அந்தப் பெண் பொறுமைசாலிதான். கோழி வெந்த தண்ணீர் விட்டாள், அரிசி போட்டாள். மொராதேக்கே விரல்விட்டு எண்ணாத குறையாக நேரத்தைக் கணக்கிட்டாள். இப்போது விறகை இழுக்க வேண்டும். இப்போது. புகை வாசனை குறையவில்லை, ஏறியது. எழுந்து போய் இரண்டு கட்டையை இழுத்துவிட்டு வந்தால் முடிந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்தாள். என் முறை முடிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடித்த கையை விட்டாள். கால் மணி நேரத்தில் தீய்ந்த வாசனை கூடத்துக்கே வந்துவிட்டது, ஒலைத்தான்கூட மூக்கைச் சுளித்தாள்.

சிமிசோலா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கரி, ரவிக்கையில் தக்காளி. மேல் அரிசி பல்லில் கடுக்கென்றது, அடி அரிசி கசந்தது. முற்றத்தில் பந்தலுக்குக் கீழே இருந்த ஆண்களுக்குக் கோழியும் பீரும் இருந்ததால் உலகமே தெரியவில்லை. கூடத்தில்தான் கரண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஒலைத்தான் தட்டைத் தள்ளிவிட்டு, நேற்றுக் கட்டின பல் செட்டுக்கு இன்றைக்கே பரீட்சையா என்றாள். யாரோ சிரித்தார்கள். பிறகு அவள் மொராதேக்கே பக்கம் திரும்பினாள்.

"நிழலோட அருமை வெயில்ல தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? உன் சோறு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியா நிக்கும். அந்தப் புகை மணம் மட்டும் இருக்கும், தீயல் இருக்காது. இந்த ஊருலயே அப்படி ஒரு கை கிடையாதுடி."

மாமியாரும் தலையை ஆட்டினாள். இவள் சோற்றைத் தின்றுதான் தன் புருஷனின் ஆத்மா சாந்தியானது என்றாள்.

இருபத்திரண்டு நினைவு நாள், இருபத்திரண்டு பானை. உப்புக் குறைந்தால் சொல்வார்கள், கோழி சின்னத் துண்டாக இருந்தால் சொல்வார்கள், நன்றாக இருந்தால் தட்டு காலியாகத் திரும்பும், அவ்வளவுதான். இந்த வார்த்தைக்காக மொராதேக்கே எத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்! இப்போது வந்தேவிட்டது. கண் நிறைந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

அப்போது மாமியார் சொன்னாள். "எழுந்திரு தாயி. நீயே போய் ஒரு பானை வச்சிடு. இந்தப் பொண்ணு பழகட்டும், ஒரு அஞ்சாறு வருஷம் நீயே பாத்துக்க."

கதவருகே சிமிசோலா காலித் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாதவள் முகம் அது. அந்த முகத்தை மொராதேக்கே முன்பே பார்த்திருக்கிறாள், கொல்லைத் தண்ணீர்ப் பீப்பாயில் குனிந்தபோது. முதல் வருஷம் அவளும் விறகை இழுக்கவில்லை. அவள் பானையும் தீய்ந்தது. அபேக்கே பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த அன்றைக்கும் இதே கூடத்தில் ஒரு புகழ்ச்சி நடந்தது. அபேக்கேயின் சோறு எப்படி இருக்கும் தெரியுமா என்று. ஒருத்திக்குக் கொடுக்கிற இனிப்புதான் இன்னொருத்திமேல் விழுகிற சாட்டை என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கிடைத்த புகழ்ச்சி வாயிலிருந்த அடிச்சோற்றைவிடக் கசந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. தட்டை மடியில் இழுத்துக்கொண்டு ஒரு வாய் தின்றாள். மென்று விழுங்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற நிதானமான குரலில் பேசினாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட இதை நீங்க சொன்னதில்லையே அம்மா. நான் மொதல்ல வச்ச பானையும் தீஞ்சுதான் போச்சு. அன்னைக்கு அபேக்கே அக்கா சோத்தைப் புகழ்ந்தீங்க."

எதிரே இருந்த அபேக்கே நிமிர்ந்தாள். "என் சோத்தையா? என்கிட்ட யாரும் சொல்லலையே," என்றாள். ஐம்பத்து மூன்று வயதுப் பெண், நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். பிறகு, நிறுத்தி வைத்திருந்த கரண்டியை எடுத்து ஒரு வாய் தின்றாள். கடுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு வாய் தின்றாள்.

"சிமிசோலா," என்றாள் மொராதேக்கே. "எனக்கு இன்னும் கொஞ்சம் போடு. உனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு வந்து இங்க உக்காரு."

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தாள், ஒலைத்தானைப் பார்த்தாள். பிறகு தட்டோடு வந்து நாற்காலிக்குக் கீழே பாயில் உட்கார்ந்தாள். மொராதேக்கே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அரிசி பாதி வெந்ததும் விறகை வெளியே இழுத்துவிட வேண்டும் என்றாள். காலையிலேயே சொல்லியிருக்கணும், தெரிஞ்சுதான் சொல்லாம வந்தேன், என் தப்பு என்றாள். சிமிசோலா தலையை ஆட்டினாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நாலு வாய்க்கு மேல் தின்னவும் முடியவில்லை. தலை மெல்லச் சாய்ந்து மொராதேக்கேயின் முழங்காலில், இஸ்திரி போட்ட ஊதா லேஸில், கரியோடு படிந்தது. மொராதேக்கே லேஸைப் பார்த்தாள், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாமியாருக்குத் தீய்ந்த பருக்கை தொண்டையில் சிக்கிக்கொண்டது. செருமிவிட்டுப் பழக்கத்தில் குரல் கொடுத்தாள்.

"புதுப்பொண்ணே, தண்ணி கொண்டா."

இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. சிமிசோலா திடுக்கிட்டு விழித்துக் கையை ஊன்றினாள். மொராதேக்கேயின் குதிகால் தானாகத் தரையை உந்தியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்பதில்லை. அவள் ஒரு கையால் அந்தப் பெண்ணின் தோளை அழுத்தினாள். மறு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்தாள்.

மாமியார் மறுபடி செருமினாள். அபேக்கே தன் தட்டைப் பார்த்து மென்றுகொண்டே இருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒலைத்தான், முட்டி வலியைச் சபித்துக்கொண்டு, பிறந்த வீட்டில் முதல் தடவையாக, குவளை எங்கே இருக்கிறது என்று கேட்டபடி எழுந்து போனாள்.